நெஞ்சில் கோத்த நீர்

 

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மத்ரஸா விடுதியில் தங்கி ஹிஃப்ழ் ஓதிக்கொண்டிருந்த பதினேழு வயது மாணவர் ஒருவருக்கு வலது விலாவில் வலி கண்டது. மூச்சை இழுத்தால் ஊசி குத்துவது போலிருக்கிறது என்றார். அத்துடன் மாலை நேரத்தில் இலேசான காய்ச்சல். சளியில்லாத வறட்டு இருமல். பனிக்காலமாதலால் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனை மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தோம். சமையற்காரர் தைலம் தேய்த்துவிட்டார். மூத்த ஹஜ்ரத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். பத்து நாட்களில் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு நாங்கள் அதை மறந்துபோனோம்.

அந்த வலி ஏன் குறைந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நுரையீரலை ஒட்டி ஒரு மெல்லிய சவ்வும், விலா எலும்புகளின் உட்புறத்தை ஒட்டி இன்னொரு சவ்வும் இருக்கின்றன. சவ்வுகள் புண்பட்டு ஒன்றோடொன்று உராயும்போது குத்தும் வலி வருகிறது. இரண்டுக்கும் நடுவே நீர் சேரத் தொடங்கினால் அவை விலகி நிற்கின்றன, உராய்வு நிற்கிறது, வலியும் அடங்குகிறது. நாங்கள் குணம் என்று எண்ணி மகிழ்ந்த நாட்களில்தான் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்பாகத் தெரிய வேண்டிய வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளைத் துணி போர்த்தியது போலிருந்தது.

மருத்துவர் முதுகுப் பக்கமாக ஊசி செலுத்தி ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக நீரை எடுத்தார். வைக்கோல் ஊறிய தண்ணீர் போல் மஞ்சளாக இருந்தது. மாணவர் அன்றிரவே நிம்மதியாக மூச்சுவிட்டார். ஊரிலிருந்து ஓடி வந்திருந்த அவருடைய அத்தா, பையனை வீட்டுக்கு அழைத்துப்போக ஆயத்தமாகிவிட்டார்.

“அதான் தண்ணியெல்லாம் எடுத்துட்டாங்களே ஹஜ்ரத், இன்னும் என்ன இருக்கு?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு மருத்துவர் சொன்ன விடையையும், அதன் பிறகு நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன். நான் கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்றவன். மருத்துவம் என் துறையன்று. ஆனால் நம் குடும்பங்களில் இந்த அத்தா கேட்ட கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு.

தாத்துல் ஜன்ப்

ஹதீஸ் கிதாபுகளை ஓதியவர்களுக்குத் ‘தாத்துல் ஜன்ப்’ என்ற சொல் புதிதன்று. விலாப்புறத்து நோய் என்பது அதன் பொருள். அந்த நோயில் இறப்பவரும் ஷஹீதுகளின் கூட்டத்தில் சேர்க்கப்படுகிறார் என்று நபிமொழி இருக்கிறது. ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், ஸாதுல் மஆதில் இந்நோய்க்கு ஐந்து அறிகுறிகளைத் தருகிறார்கள்: காய்ச்சல், இருமல், குத்தும் வலி, மூச்சுத் திணறல், ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கும் நாடி. எங்கள் மாணவரிடம் நாடியைத் தவிர மற்ற நான்கும் எங்கள் கண்முன்னே இருந்தன. நாடியை நாங்கள் பார்க்கவேயில்லை. பாடத்தில் ஓதுவது வேறு, பக்கத்து அறையில் பார்ப்பது வேறாகிவிட்டது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இமாம் அவர்கள் அங்கே இன்னொன்றும் சொல்கிறார்கள். தாத்துல் ஜன்ப் என்ற ஒரே பெயரால் இரண்டு வெவ்வேறு நோய்கள் அழைக்கப்படுகின்றன. விலாவின் உட்சவ்வில் ஏற்படும் அழற்சி ஒன்று, வாயுவினால் வரும் வலி மற்றொன்று. ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்கு ஆகாது என்று பிரித்துக் காட்டுகிறார்கள். நோயின் பெயரைச் சொன்னால் போதாது, காரணத்தைக் கண்டபிறகே மருந்து என்ற இந்த நெறியைத்தான் எங்கள் மருத்துவரும் அந்த அத்தாவுக்குச் சொன்னார். “நீர் நோயல்ல பாய். நோய் விட்டுச் சென்ற அடையாளம். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் அது ஊறிக்கொண்டே இருக்கும்.”

மண்பானையும் நீரும்

ஆரோக்கியமான மனிதரின் நெஞ்சிலும் அந்தச் சவ்வுகளுக்கிடையே நீர் உண்டு. இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி அளவுதான். நுரையீரல் வழுக்கிச் சுருங்கி விரிய அது வேண்டும். அது லிட்டர் கணக்கில் பெருகுவதற்குக் காரணங்கள் பல. அவற்றை முதலில் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள்.

மண்பானை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். பானை பழுதில்லாமல் இருந்தாலும் அதன் மேற்புறம் நீர் கசியும். அப்படித்தான் இதயம் பலவீனப்பட்டு இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடினாலும், கல்லீரல் சுருங்கினாலும், சிறுநீரகக் கோளாறால் புரதம் வெளியேறினாலும், சவ்வில் குறையேதும் இல்லாமலேயே நெஞ்சில் நீர் கசிந்து நிற்கிறது. பானையிலேயே கீறல் விழுந்து ஒழுகுவது வேறு. காசநோய், நிமோனியா, புற்றுநோய், முடக்குவாதம் போன்றவை சவ்வையே புண்படுத்துகின்றன. புண்பட்ட சவ்வின் வழியே நீருடன் புரதமும் உயிரணுக்களும் இறங்கிவிடுகின்றன.

எந்தப் பானை என்று எப்படி அறிவது? இங்கேதான் நொதிகள் வருகின்றன. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் நடக்கும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதப் பொருட்களுக்கு நொதிகள் என்று பெயர். மருத்துவர்கள் என்சைம் என்பார்கள். உயிரணுக்கள் சிதையும் இடத்தில் அவற்றுள் இருந்த நொதிகள் வெளியே சிந்துகின்றன. 1972ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லைட்டும் அவருடைய தோழர்களும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நெஞ்சு நீரிலுள்ள புரதம் இரத்தத்திலுள்ளதில் பாதிக்கு மேல் இருந்தாலோ, எல்.டி.எச். என்ற நொதி இரத்தத்திலுள்ளதில் 0.6 பங்குக்கு மேல் இருந்தாலோ, அல்லது இரத்தத்தில் அந்நொதிக்கு வகுத்த இயல்பான உச்சவரம்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலோ அது புண்பட்ட சவ்வின் நீர். மூன்றில் ஒன்று பொருந்தினால் போதும். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் உலகெங்கும் மருத்துவமனைகளில் முதலில் பார்ப்பது இதைத்தான். நீரை எடுக்கும் நாளிலேயே இரத்தமும் எடுக்கிறார்களே, ஏன் என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கணக்கு வரும்.

எங்கள் மாணவரின் நீர் கீறல் விழுந்த பானையின் நீர் என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. கீறியது யார் என்பது தெரிய வேண்டியிருந்தது.

ஒளிந்திருக்கும் கிருமி

நம் நாட்டில் இந்த வயதில் இப்படி நீர் கோத்தால் மருத்துவரின் எண்ணம் முதலில் காசநோயின் பக்கம்தான் போகும். ஆனால் எண்ணம் வேறு, உறுதி வேறு. நுரையீரல் காசநோயில் சளியை எடுத்துப் பார்த்தால் பலருக்குக் கிருமி கண்ணுக்குத் தெரிந்துவிடும். நெஞ்சு நீரில் அப்படித் தெரிவதில்லை. ஏனெனில் சவ்வுக்குள் நுழைந்த கிருமிகள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைக் கண்டு கொதித்தெழுந்த உடலின் எதிர்ப்பே பெரும்பாலும் நீராகத் தேங்குகிறது. கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்குப் பத்துப் பேரிடம்கூடக் கிருமி தென்படுவதில்லை. வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதிலும் பாதிப் பேருக்கு மேல் ஒன்றும் வளராமல் போகிறது. கிருமியின் மரபணுவைத் தேடும் புதிய கருவி சளியில் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. இந்த நீரிலோ அது ‘உண்டு’ என்று சொன்னால் நம்பலாம். ‘இல்லை’ என்று சொன்னால் நம்ப முடியாது. சவ்விலேயே ஒரு துணுக்கை வெட்டி எடுத்துப் பார்ப்பது இவற்றைவிட நன்று. ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும், வசதியுள்ள இடம் வேண்டும்.

இந்த இக்கட்டில் வழி திறந்தது அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி. சுருக்கமாக ஏ.டி.ஏ. என்பார்கள். இது நம் எல்லோருடைய உடலிலும் இருக்கிறது. உடலின் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்களுக்கு இது இன்றியமையாதது. பிறவியிலேயே இந்த நொதி அமையாத குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தியே இராது; 1990ஆம் ஆண்டு அமெரிக்காவில் மரபணு மருத்துவம் முதன்முதலில் அனுமதி பெற்று ஒரு சிறுமிக்குச் செய்யப்பட்டது இந்தக் குறைக்காகத்தான். அல்லாஹ்வின் படைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளுக்கு எத்தனை பெரிய பொறுப்பு! ஸுப்ஹானல்லாஹ்.

காசநோய்க் கிருமி சவ்வில் நுழைந்ததும் லிம்ஃபோசைட்டுகளும் கிருமிகளை விழுங்கும் அணுக்களும் அங்கே குவிகின்றன. கிளர்ந்தெழுந்த அந்த அணுக்களிலிருந்து ஏ.டி.ஏ. நீரில் கலக்கிறது. கிருமி ஒளிந்துகொள்கிறது, ஆனால் அதை எதிர்க்க வந்த படையின் காலடி ஒளியவில்லை. இதை நெஞ்சு நீரில் அளந்து நோயைக் கண்டறியலாம் என்று 1978ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அளக்கும் முறை எளிமையானது. நீரில் அடினோசின் என்ற பொருளைச் சேர்த்து உடற்சூட்டில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். நொதி அதை உடைத்து அம்மோனியாவை வெளியிடுகிறது. அம்மோனியாவுடன் வேறு இரண்டு வேதிப்பொருட்கள் சேர்ந்தால் நீலநிறம் தோன்றும். நொதி மிகுந்திருந்தால் நீலம் அடர்த்தியாகும். அந்த நீலத்தைக் கருவி எண்ணாக்கித் தருகிறது. விலையுயர்ந்த எந்திரம் தேவையில்லை. ஒரே நாளில் விடை வந்துவிடும்.

லிட்டருக்கு 40 அலகு என்பதையே பெரும்பாலான இடங்களில் எல்லையாக வைத்திருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டில் 63 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, இச்சோதனை காசநோயால் நீர் கோத்தவர்களில் நூற்றுக்கு 92 பேரைச் சரியாகக் காட்டியது. காசநோய் இல்லாதவர்களில் 90 பேரை இல்லை என்று சரியாக விலக்கியது.

மாணவரின் அறிக்கையில் 72 என்றிருந்தது.

ஒரு சாட்சி போதாது

வாசகர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். நூற்றில் 90 என்றால் மீதிப் பத்துப் பேரின் நிலை என்ன? ஒரு சாட்சியை மட்டும் கேட்டுக் காழி தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. சாட்சி நம்பகமானவராக இருந்தாலும் இன்னொருவரை அழைக்கிறார். இந்த எண்ணுக்கும் அதே நிலைதான்.

நிமோனியாவுக்குப் பின் நெஞ்சில் சீழ் கட்டினாலும் ஏ.டி.ஏ. உயர்கிறது. லிம்ஃபோமா என்ற புற்றுநோயிலும், முடக்குவாதத்திலும் உயர்கிறது. சொல்லப்போனால் எண் 250ஐத் தாண்டி மிக மிக அதிகமாக இருந்தால், காசநோயைவிடச் சீழையோ லிம்ஃபோமாவையோ மருத்துவர்கள் முதலில் சந்தேகிக்கிறார்கள். எண் பெரிதானால் உறுதியும் பெரிதாகும் என்று நாம் எண்ணுவோம், இங்கே அப்படியில்லை. ஆகவே நீரில் எந்த அணுக்கள் மிகுந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதே இரண்டாவது சாட்சி. லிம்ஃபோசைட்டுகள் மிகுந்து ஏ.டி.ஏ.வும் உயர்ந்திருந்தால் காசநோய் என்ற கருத்து வலுப்பெறுகிறது. சீழ் சார்ந்த வேறு அணுக்கள் மிகுந்திருந்தால் தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டும். எங்கள் மாணவருக்கு அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு லிம்ஃபோசைட்டுகள்.

நோயாளியின் வயதும் ஊரும்கூடச் சாட்சிகளே. காசநோய் மலிந்த நம் நாட்டில் ஓர் இளைஞருக்கு 72 வந்தால் அதன் பொருள் வேறு. காசநோய் அரிதான நாட்டில், எழுபது வயது முதியவருக்கு அதே 72 வந்தால், மருத்துவர் வேறு காரணங்களைத் தேடித் தீர்த்த பின்னரே முடிவுக்கு வருவார். அத்தகைய நாடுகளில் எண் மிகக் குறைவாக இருப்பதுதான் கூடுதல் பயனுள்ள செய்தி. காசநோய் இல்லை என்று பெரும்பாலும் விலக்கிவிடலாம்.

இன்னொரு குறையும் உண்டு. கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்பதை நொதி சொல்லாது. அதைக் கிருமியைக் கண்டுபிடித்துத்தான் கேட்க வேண்டும். ஆகவே ஏ.டி.ஏ. உயர்ந்திருக்கிறது என்று வளர்ப்புச் சோதனையையும் மரபணுச் சோதனையையும் விட்டுவிடக் கூடாது. நெஞ்சு நீர் என்றாலும் சளியையும் பார்க்கச் சொல்வார்கள். நுரையீரலுக்குள்ளும் நோய் மறைந்திருக்கக்கூடும்.

இரத்தத்தில் ஏ.டி.ஏ. பார்த்துக் காசநோய் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சோதனையின் சிறப்பு நோயுள்ள இடத்து நீரில் அளப்பதில்தான். இரத்தத்தில் உயர்வதற்குக் காரணங்கள் எத்தனையோ. காசநோய்க்கென்று விற்கப்பட்ட இரத்த எதிர்ப்பொருள் சோதனைகளை இந்திய அரசு 2012ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது.

வற்றிய நீரின் வஞ்சகம்

மாணவருக்கு மருந்து தொடங்கினார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். அரசு மருத்துவமனையில் விலையில்லாமல் கிடைத்தன. இரண்டாம் மாத முடிவில் எக்ஸ்ரே தெளிந்துவிட்டது. உடம்பில் சதை வைத்தது. அப்போது அத்தா மறுபடியும் வந்தார். இந்த முறை அவருடைய கவலை வேறு. வீட்டில் மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி டி.பி. மாத்திரை சாப்பிடுகிறான் என்ற செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுமோ என்று அஞ்சினார். “நீரும் வத்திப்போச்சு, காய்ச்சலும் இல்லே. நிறுத்திட்டா என்ன ஹஜ்ரத்?”

அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவரின் அச்சம் அது. ஆனால் மருத்துவர் சொன்னதைக் கேட்டதும் என் உள்ளம் திடுக்கிட்டது. இந்த நீர் மருந்தே இல்லாமலும் சில மாதங்களில் தானாக வற்றிவிடும் இயல்புடையதாம். தைலம் தேய்த்தாலும் வற்றும், தேய்க்காவிட்டாலும் வற்றும். வற்றிய பின் நடப்பதுதான் அபாயம். சரியான மருந்துகள் வருவதற்கு முன், இப்படி நீர் கோத்துத் தானே வற்றிய அமெரிக்கப் படைவீரர்கள் 141 பேரைத் தொடர்ந்து கவனித்து 1955ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 65 சதவீதத்தினருக்குப் பின்னாளில் நுரையீரலிலோ வேறு உறுப்பிலோ காசநோய் வெளிப்பட்டது. அப்போது அது வெறும் நீராக வரவில்லை.

எண்ணிப் பாருங்கள். சம்பந்தத்துக்காக மறைக்கப்பட்ட நோய், அந்தச் சம்பந்தம் முடிந்து வீட்டில் குழந்தை தவழும் நாளில் இருமலோடு திரும்பி வந்தால் யாருக்குத் தீங்கு?

நெஞ்சு நீரில் மட்டும் இருக்கும் காசநோய் பெரும்பாலும் பிறருக்குத் தொற்றுவதில்லை. இருமும்போது வெளிவரும் சளியில்தான் கிருமி பரவுகிறது. மருந்து உட்கொள்பவரைத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இதற்குச் சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் மருந்து கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான வீடுகள், எளிய உணவு. இருந்தும் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959ஆம் ஆண்டு அந்த முடிவு வெளியான பிறகுதான் காசநோயாளியை ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கம் உலகில் மாறத் தொடங்கியது. அவர்கள் நெஞ்சு நீரை மட்டும் பார்க்கவில்லை, தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயையே பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். இதை அந்த அத்தாவிடம் விளக்கிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “சரி ஹஜ்ரத், முழுசா சாப்பிடட்டும்” என்றார்.

நம் வீடுகளில் எழும் ஐயங்கள்

மருந்து தொடங்கிய மறுநாளே அந்த மாணவர் அழுதுகொண்டு வந்தார். சிறுநீர் இரத்தம்போல் வருகிறது என்றார். ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது. கண்ணீரும் வியர்வையும்கூடச் சற்றுச் சிவக்கலாம். அது இரத்தமன்று, வியர்வையின் கறை பட்டால் ஆடை அசுத்தமாவதுமில்லை. மருத்துவமனையில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை ஓர் இரவு தூங்காமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் உணவு வெறுத்து வாந்தி வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

நீரை எடுத்தால் உடம்பின் சத்து போய்விடும் என்று நம் பெண்மணிகள் அஞ்சுகிறார்கள். மூச்சு முட்டும் அளவுக்குத் தேங்கியதை எடுத்தால் போதும். மீதியை மருந்து வேலை செய்யச் செய்ய உடலே உறிஞ்சிக்கொள்ளும். சோதனைக்குச் சில கரண்டி அளவு நீர்தான் தேவை. அறிக்கை கையில் கிடைத்தால் மூன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: புரதமும் எல்.டி.எச்.சும் எந்த வகை நீர் என்று சொல்கின்றன? ஏ.டி.ஏ. எவ்வளவு? எந்த அணுக்கள் மிகுதி? சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் எளிதில் வருமாதலால் அதையும் பார்த்துவிடுவது நல்லது. நம் விருந்துகளின் இலட்சணம் நமக்குத் தெரியாததா?

நாலாவது மாதத்தில் ரமழான் வந்தது. நோன்பு நோற்றே தீருவேன் என்று மாணவர் பிடிவாதம் பிடித்தார். நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகையை மறுப்பது பக்தியாகாது என்று மூத்த ஹஜ்ரத் கண்டிப்பாகச் சொன்னார்கள். மருத்துவரிடமும் கேட்டோம். எடை இன்னும் ஏற வேண்டும், இந்த ஆண்டு விட்டுவிடட்டும் என்றார். காலையில் எல்லோரும் நோன்பிருக்க, சமையற்காரர் அவருக்கு மட்டும் கஞ்சியும் முட்டையும் வைத்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். ஆறு மாதமும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. மருந்து முடிந்தபின் எடுத்த எக்ஸ்ரேயில் விலாவின் ஓரத்தில் சிறிய தழும்பு மட்டும் இருந்தது. விடுபட்ட நோன்புகளை அடுத்த ரமழான் வருவதற்குள் களாச் செய்து முடித்தார்.